சிங்கப்பூருக்குச் சொல்லக் கூடாத சேதி

வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அந்த ஊரில், வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அப்படி இருப்பவர்களிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மாடு செத்தால் சொல்லக் கூடாது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் சொல்லக் கூடாது. பெற்ற தகப்பன் கண்ணை மூடினாலும் கருமாதியெல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். 'அப்பாவுக்கு மேலுக்கு முடியல' என்று தொடங்கி, 'ஆஸ்பத்திரியில சேத்திருக்கு' என்று நகர்த்தி, எரித்த ஆளைப் போனில் மறுபடி கொஞ்சங்கொஞ்சமாகச் சாகடிப்பார்கள்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் சாமிதுரை. துபாயில் கட்டிட வேலை செய்தவர். அம்மா இறந்த சேதியைத் தம்பி போனில் சொன்ன மறுநாள் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். பலகை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது, அவ்வளவுதான் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? சேதி கேட்டு மனசு கலங்கித்தான் கால் தவறியது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் ஒரு முடிவு கட்டிவிட்டால் விழுந்தவரே வந்து சொன்னாலும் எடுபடாது.

அதனால், புவனேஸ்வரியின் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனபோது, அவள் மாமியார் செல்வம்மாளுக்கு முதலில் வந்த நினைப்பு மகனைப் பற்றியதுதான். அருள்முருகன் சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். மனைவிக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது விமானம் ஏறியவன்.

ஒரு நாள் விடிந்ததிலிருந்து குழந்தையின் அசைவு இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கொடி சுற்றியிருக்கிறது, இதில் யார் தப்பும் இல்லை என்றாள். வலி வரவைத்து எடுத்தார்கள். பிள்ளை பெறுகிறவள் படும் வலி முழுவதையும் புவனேஸ்வரி பட்டாள். பிள்ளை மட்டும் அழவில்லை. மாமனார் தங்கராசு அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய், புதைத்துவிட்டுத் தலை முழுகினார்.

வார்டு வராந்தாவிலேயே செல்வம்மாள் சொல்லிவிட்டாள்.

"அருளுக்குத் தெரியக் கூடாது. அவன் அங்க அந்தரத்துல நின்னு வேலை பாக்குறான். பிரசவத்துக்கு லீவு போட்டு வரத்தானே போறான். வாசல்ல கால வச்ச பெறவு சொல்லிக்கலாம்."

புவனேஸ்வரி தலையை ஆட்டினாள். மறுத்துப் பேச உடம்பில் தெம்பில்லை என்பது ஒரு பக்கம். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது என்பதுதான் நிஜம். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கொடுமை தொடங்கியது. உடம்புக்குச் சேதி தெரியவில்லை, பால் சுரந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். செல்வம்மாள் டவுனுக்கு ஆள் அனுப்பி மல்லிகைப்பூ வாங்கி வரச் சொல்லி, மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். மல்லிகைப்பூ பாலை வற்ற வைக்கும் என்பது அந்தப் பக்கத்துக் கைவைத்தியம். கட்டும்போது அவள் கை மெதுவாகத்தான் இருந்தது. வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"அழுவாத புள்ள. வயித்துல போனதுக்கெல்லாம் அழுவக் கூடாது. அடுத்தது தங்காமப் போயிரும். அழுது மூஞ்சி வீங்குனா போன்ல அவன் கண்டுபுடிச்சிருவான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அருள்முருகன் வீடியோவில் கூப்பிட்டபோது, மார்பில் கட்டியதுபோக மிச்சமிருந்த பூ அவள் தலையில் இருந்தது. முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். குரல் கம்மியிருப்பதற்குச் சளி என்றார்கள்.

"என்ன புவனா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"சளிங்க."

"நம்ம ஆளு எப்படி இருக்காரு?"

புவனேஸ்வரி மாமியாரைப் பார்த்தாள். செல்வம்மாள் போனுக்குப் பின்னால் நின்று, சிரி, சிரி என்று உதட்டை இழுத்துக் காட்டினாள்.

"நல்லா இருக்காருங்க" என்றாள் புவனேஸ்வரி.

ஊரும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு ஆண்டாயியின் மகனும் சிங்கப்பூரில்தான் இருந்தான். அவனிடமும் யாரும் மூச்சு விடவில்லை. வெங்காய நடவுக்குப் போகும் பெண்கள் புவனேஸ்வரியைத் தெருவில் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள், சாப்பிட்டாயா என்றார்கள், மழை வருமா என்றார்கள். கெட்ட எண்ணம் ஒருத்திக்கும் கிடையாது. எல்லோரும் நல்லெண்ணத்தோடு ஒன்றுகூடி ஒருத்தியின் வாயை அடைத்தார்கள். அவளுக்கென்று அம்மா இருந்திருந்தால் செந்துறைப் பக்கம் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்திருப்பாள். அம்மா இல்லை. அப்பா போனில், "மாமியா சொல்றபடி கேளும்மா" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு வினை வந்தது.

"எந்திரிச்சு நில்லு, வயிறு எம்புட்டுப் பெருசாயிருக்குன்னு பாக்குறேன்" என்றான் அருள்முருகன்.

செல்வம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "டாக்டரு படுத்தே இருக்கச் சொல்லியிருக்கு. சும்மா எந்திரி, நில்லுன்னுக்கிட்டு."

"ஏன்? என்னாச்சும்மா? எதாச்சும் கோளாறா?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் பாத்துக்க."

அடுத்த வாரம் வந்துவிட்டது. அவன் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் செல்வம்மாள் தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துச் சுருட்டி, உருட்டி, மருமகளின் வயிற்றில் வைத்து, மேலே ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தாள். புவனேஸ்வரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, துணி தைக்க அளவு கொடுப்பவள்போல நின்றாள். இதைச் செய்தது ஒரு ராட்சசி என்று நினைத்துவிட வேண்டாம். பெற்ற ஒரே மகன் உயிரோடு வந்து சேர வேண்டுமே என்று தூக்கமில்லாமல் கிடந்த ஒருத்திதான் செய்தாள். பயம் பிடித்தால் மனுஷி எதையும் செய்வாள்.

அருள்முருகன் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "ஏ, நல்லாப் பெருசாயிருக்கு! ஒதைக்குதா?"

"ஒதைக்குதுங்க."

போனை வைத்ததும் செல்வம்மாள் சேலையை அவிழ்க்க வந்தாள். "நானே அவுத்துக்கறேன் அத்தே" என்றாள் புவனேஸ்வரி. அவிழ்க்கவில்லை. அன்று அதைக் கட்டிக்கொண்டே சாப்பிட்டாள். கட்டிக்கொண்டே படுத்தாள். மறுநாள் குளிக்கும்போது எடுத்தவள், குளித்து முடித்ததும் அவளே சுருட்டி, அவளே கட்டிக்கொண்டாள்.

செல்வம்மாள் முதலில் கண்டும் காணாததுபோல இருந்தாள். அவன் ஏதாவது ஒரு நேரத்தில் திடீரென்று கூப்பிட்டால் வசதியாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் நாளாக ஆக மருமகளின் நடை மாறியது. இடுப்பில் கை கொடுத்து நடந்தாள். உட்காரும்போது தரையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தாள். ஒரு நாள் ஆண்டாயி கொல்லைப் பக்கம் கீரை கேட்டு வந்தபோது, புவனேஸ்வரி வெகு இயல்பாக, "இப்பல்லாம் ராத்திரியில ரொம்ப ஒதைக்குதுக்கா" என்றாள். ஆண்டாயி கீரையை வாங்காமலே போய்விட்டாள்.

அந்த உதையைப் புவனேஸ்வரி நிஜமாகவே உணர்ந்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் என்று தெரிந்தே சொல்ல ஆரம்பித்தது, எங்கேயோ ஓர் இடத்தில் காலுக்கடியில் நழுவிவிட்டது. அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று நிற்பாள். சில சமயம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவும், தை மாதம் பிள்ளை பிறக்கப்போவதுபோலவும் இருக்கும். அப்புறம் மார்பில் காய்ந்த பூவின் நாற்றம் நினைவுக்கு வரும், மண்டைக்குள் இருட்டிக்கொண்டு வரும். இப்படியே போனால் ஒரு நாள் தான் திரும்பி வர மாட்டோம் என்று அவளுக்கே தோன்றியது. அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கிராம நர்ஸ் பரிமளா ஸ்கூட்டியில் வந்தாள். கர்ப்பம் பதிந்ததிலிருந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துப் பார்த்தவள் அவள்தான். பச்சை உடம்புக்காரி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்தவள், வாசலில் புவனேஸ்வரி நின்ற நிலையைப் பார்த்து ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட மறந்து நின்றாள். உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா இது? யாரு கட்டிவிட்டது?"

"அத்தை. போன்ல காட்டறதுக்கு."

"போன் பேசாத நேரத்துல ஏன் கட்டியிருக்கே?"

புவனேஸ்வரி சேலைச் சுருளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அவுத்தா வயிறு காலியா இருக்குங்க நர்சம்மா."

பரிமளா எத்தனையோ வீட்டுக்குப் போய் வந்தவள்தான். இருந்தாலும் இப்படி ஒரு பதிலை எங்கேயும் கேட்டதில்லை. வெளியே வந்து செல்வம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளையப் பறிகொடுத்தவள அழுவ விடுங்கம்மா. அடக்கி அடக்கி வச்சா மனசு தாங்காது. பெரம்பலூர்ல மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காங்க. நானே கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

"எம் மருமவளுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று செல்வம்மாள் சீறினாள். "நாலு பேரு காதுல விழுந்தா என்ன ஆவும்? அவன் காதுக்குப் போயிரும். ஒங்களுக்கென்ன, சொல்லிட்டு வண்டி ஏறிப் போயிருவீங்க. அங்க நிக்கிறது எம் புள்ள."

"ஒங்க மவன் விழுந்துருவாருன்னு பயப்படுறீங்க. இங்க ஒருத்தி கண்ணுக்கு முன்னால விழுந்துக்கிட்டு இருக்கா. அது தெரியலயா?"

செல்வம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த தங்கராசுவுக்கும் தெரியும். அவர் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தவர், தலையை இன்னும் குனிந்துகொண்டார். அந்த மனிதர் அப்படித்தான். வீட்டில் குரல் உயர்ந்தால் அவருக்கு மாட்டுக் கொட்டகையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பொய்யின் குணம் அது எந்த இடத்திலும் நிற்காது என்பதுதான். ஒன்பதாம் மாதம் தொடங்கும் சமயத்தில் அருள்முருகன் வளைகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தான். ஏழாம் மாதத்தில் கேட்டபோது, மழையும் நடவுமாக இருக்கிறது, பிறகு செய்துகொள்ளலாம் என்று தட்டிவிட்டிருந்தார்கள். இப்போது அவன் விடுவதாக இல்லை. அங்கே தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருப்பதாகவும், ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்து அனுப்புவதாகவும், வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றும் சொன்னான். வேலை நேரமானாலும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு வீடியோவில் பார்ப்பானாம்.

"ரெண்டு பொம்பளைங்கள உக்கார வச்சு, ஒரு தட்டுல வளையல் வச்சு, சும்மா போன்ல காட்டிட்டு விட்டுரலாம்" என்றாள் செல்வம்மாள் அன்று மாலை. யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வாய் கோணியது.

ஆண்டாயியைக் கூப்பிட்டபோது அவள் வரமாட்டேன் என்றாள். "செத்த புள்ளைக்கா வளையல் போடச் சொல்றே? எனக்கும் புள்ளைங்க இருக்கு செல்வம்மா." கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னது திறந்த ஜன்னல் வழியாகப் புவனேஸ்வரியின் காதில் விழுந்தது. செத்த பிள்ளை என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்போதுதான் கேட்டாள். யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அருள்முருகன் கூப்பிட்டான். அவன் தங்கும் அறையில் இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் சாய்ந்திருந்தான். வளையலையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். பச்சை, சிவப்பு, தங்கப்பொடி தூவியது. அப்புறம் ஒரு கூச்சத்தோடு, "புவனா, போனை வயித்துகிட்ட வையேன். நான் பேசணும். வயித்துல இருக்கறப்பயே கொரலு கேக்குமாம். இங்க ஒரு அண்ணன் சொன்னாரு" என்றான்.

செல்வம்மாள் சரி என்று கண்ணைக் காட்டினாள். புவனேஸ்வரி போனைத் திருப்பி, சேலைச் சுருளின் மேல் வைத்துப் பிடித்தாள்.

"கண்ணு... அப்பா பேசுறேன்டா" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல். "கேக்குதா? அப்பா ஒன்னையப் பாக்கத்தான் வந்துக்கிட்டே இருக்கேன். அம்மாவ ரொம்ப ஒதைக்காத. சமத்தா இரு. அப்பா இங்க ஒனக்கு ஒரு சட்ட வாங்கியிருக்கேன், மஞ்சக் கலரு. பொண்ணா இருந்தாலும் போடலாம், பையனா இருந்தாலும் போடலாம். என்ன கண்ணு? ஒரு ஒத ஒதச்சுக் காட்டு, அப்பாவுக்கு."

புவனேஸ்வரி காத்திருந்தாள். வேறு எதற்கும் இல்லை, அந்த உதைக்காகத்தான் காத்திருந்தாள். ராத்திரியெல்லாம் உதைத்தது, ஆண்டாயியிடம் சொன்ன உதை, அது இப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். எதுவும் வரவில்லை. வயிற்றில் இருந்தது மாமியாரின் பழைய சேலை. அதற்கு உதைக்கத் தெரியாது.

அவள் போனை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். செல்வம்மாள், "ஏ புள்ள, ஏ புள்ள" என்று பாய்ந்து வருவதற்குள் சேலைச் சுருள் தரையில் விழுந்து விரிந்தது. அதை அள்ளி எடுத்துப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஏங்க, இது சேலைங்க" என்றாள். "அத்தையோட சேலை. நீங்க இதுகிட்டத்தான் பேசுனீங்க. நம்ம புள்ள செத்துப்போச்சுங்க. ஏழாம் மாசமே செத்துப்போச்சு."

அருள்முருகனின் முகம் திரையில் அப்படியே நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று இருந்தது. பிறகு போன் அவன் கையிலிருந்து நழுவி, அறையின் கூரை தெரிந்தது, சுழலும் மின்விசிறி தெரிந்தது. யாரோ தமிழில் "என்னாச்சு அருளு?" என்று கேட்பது கேட்டது. இணைப்பு அறுந்தது.

செல்வம்மாள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்மவனக் கொன்னுட்டியேடி! ஒரே புள்ளடி எனக்கு! இன்னும் கொஞ்ச நாளு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?" போனை எடுத்து அவன் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

புவனேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் ஏதாவது செய்துகொண்டால் தான் உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று நினைத்தாள். அதே நேரத்தில், அவள் வயிறு காலியாக இருந்தது, அது காலி என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற அழுகை அப்போது வந்தது. மாட்டைப்போலக் கத்தி அழுதாள். யாரும் வந்து வாயைப் பொத்தவில்லை.

தங்கராசு உள்ளே வந்தார். வழக்கம்போலக் கொட்டகைக்குப் போகாமல் மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கும் அன்னையிலேருந்து தூக்கம் இல்லம்மா" என்றார். "இந்தக் கையாலதான் வச்சேன். யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அந்த நர்சம்மாவுக்குப் போன் போடுறேன். பெரம்பலூருக்கு நானே கூட்டிட்டுப் போறேன். யாரு என்ன சொன்னாலும் சொல்லிக்கட்டும்" என்றார். கடைசிப் பேச்சைப் பெண்டாட்டிக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். செல்வம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த தெரியாத சாமியையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு போன் அடித்தது. அருள்முருகன்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. செல்வம்மாள், "அப்பா, நல்லா இருக்கியாப்பா, எங்கயும் போயிராதப்பா, நாளைக்கு மேல ஏறாதப்பா" என்று கும்பிட்டாள்.

"ஊருல எல்லாருக்கும் தெரியுமாம்மா?" என்றான் அவன். குரலில் கோபம் இருந்தது. "எனக்கு மட்டுந்தான் தெரியாதா? வாராவாரம் நான் யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருந்தேன்? என்னை என்னான்னு நெனச்சீங்க?"

"நீ சாரத்துல நிக்கிறியேப்பா. மனசு கலங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா..."

"நான் சாரத்துல ஏறி ரொம்ப நாளாச்சும்மா."

செல்வம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"இங்க வந்த கொஞ்ச நாள்லேயே ஒரு நாளு மேல நிக்கறப்ப நெஞ்சு படபடன்னு வந்துருச்சு. கண்ண இருட்டிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்பறம் ஏறுனாலே கை நடுங்குது. கம்பெனி டாக்டரு பாத்துட்டுக் கீழ எறக்கிட்டாரு. கீழதான் பைப்பு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். புவனா மாசமா இருக்கா, நீங்களும் கெடந்து கவலைப்படுவீங்கன்னு சொல்லல."

கீழே, தரையில் நின்றுகொண்டிருந்தவன் விழுந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனையும் நடந்திருக்கிறது. செல்வம்மாள் போனைத் தங்கராசுவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தங்கராசு அதைப் புவனேஸ்வரியிடம் கொடுத்தார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. அவன் வாயில் சிரிப்பு இல்லை. அவன் ஊரைவிட்டுப் போன பிறகு அவர்கள் நிஜமாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"பையனா, பொண்ணா புவனா?" என்றான் அவன்.

அத்தனை பேர் அத்தனை நாளாகச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"பொண்ணுங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வேணாம்னாங்க. நான்தான் ஆஸ்பத்திரி நர்சு கையப் புடிச்சுக்கிட்டுக் காட்டச் சொன்னேன்."

"யாரு மாதிரி இருந்துச்சு?"

"தல நெறைய முடிங்க" என்றாள் புவனேஸ்வரி. "கறுகறுன்னு. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. தூங்கற மாதிரி. வாயி ஒங்க வாயிதான். கீழ் ஒதடு ஒங்களது மாதிரியே கொஞ்சம் முன்னாடி வந்து... கோவிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. வெரலெல்லாம் நீளம் நீளமா..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவன் அந்தப் பக்கம் கையால் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்றான்.

"காதும் ஒன் காதுதான்டா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வம்மாள் நின்றாள். அன்றிலிருந்து இன்று வரை அந்தக் குழந்தையின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள்.

"எடது காது மடலு லேசா உள்ள மடிஞ்சிருந்துச்சு. நீ பொறந்தப்ப ஒனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நான் எண்ணெ தொட்டு நீவி நீவி விட்டேன்" என்றாள். "ஒங்கப்பா வாங்கிட்டுப் போறதுக்கு முன்னால நான் மடியில வாங்கி வச்சிருந்தேன்டா. இதுக்கும் நீவுனேன். செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் நீவுனேன்."

அவள் வந்து மருமகளின் பக்கத்தில், அந்தப் பழைய சேலையின் மேலேயே உட்கார்ந்தாள். புவனேஸ்வரி அழுதுகொண்டே போனை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"இன்னும் சொல்லும்மா" என்றான் அருள்முருகன்.

செல்வம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.